வினையில்லாத முகம்

மாண்ட்டி பைத்தன் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழு 1979-ல் வெளியிட்ட ‘லைஃப் ஆஃப் பிரையன்’ படத்தில் ஏறக்குறைய நாற்பது வேடங்களை ஆறு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மைக்கேல் பேலின் ஒருவருக்கே பத்துக்கு மேல் வரும். நாக்குக் குழறும் பிலாத்து அவர். இயேசு குணப்படுத்திவிட்டதால் பிச்சைப் பிழைப்பு போயிற்றே என்று அங்கலாய்க்கிற முன்னாள் தொழுநோயாளியும் அவரே. பிரையனின் அம்மா, முக்காடு போட்ட டெர்ரி ஜோன்ஸ். சிலுவையில் கட்டுண்டபடியே உற்சாகமாகப் பாட்டெடுத்துக் கொடுப்பவர் எரிக் ஐடில். கதாநாயகன் பிரையனாக வருபவர் கிரஹாம் சாப்மன். ஆனால் மலைப்பிரசங்கக் காட்சியில் நின்று பேசுகிற இயேசு, இந்த ஆறு பேரில் ஒருவரும் இல்லை. கென்னத் காலி என்ற வெளி நடிகர் அவர். ஒரு துளி கிண்டல் இல்லாமல் பேசுகிறார். கேமரா மெல்லப் பின்வாங்கிக் கூட்டத்தின் கடைசி வரிசைக்கு வந்த பிறகுதான், பேச்சு சரியாகக் காதில் விழாதவர்கள் போடும் சண்டையில், சிரிப்பு தொடங்குகிறது.

நாற்பது வேடம் கட்டத் துணிந்தவர்கள் அந்த ஒன்றை ஏன் தொடவில்லை? இயேசுவின் போதனையில் கேலி செய்ய எதுவும் இல்லை, கேலியெல்லாம் பின்பற்றுகிறவர்களைப் பற்றித்தான் என்று அவர்களே பல முறை சொல்லியிருக்கிறார்கள். அதை நம்புகிறேன். ஆனால் கேலி இல்லாமல், மரியாதையாகவே, பேலின் அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கலாமே? முடியாது. நின்ற மாத்திரத்தில் அரங்கு சிரித்திருக்கும்.

மதுரையில் ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். வினைக் கொள்கையைப் பையன்களுக்கு விளக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். சேர்த்து வைத்த மூட்டை சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவிக்கு அவிழ்த்தது பிராரத்தம். இப்போது புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். சொன்னால் எழுதிக்கொள்வார்கள், தேர்வில் வரிசை மாற்றி எழுதுவார்கள். ஆங்கிலத் துறையில் இருந்த ஒரு நண்பர் பைத்தன் நிகழ்ச்சியின் வீடியோ கேசட்டுகளை வைத்திருந்தார். அவற்றைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு நல்ல உதாரணம் கிடைத்தது. 1970-ல் ஒளிபரப்பான ஒரு காட்சியில் ஜான் கிளீஸ் அரசாங்க அதிகாரியாக, வட்டத் தொப்பியும் கறுப்புக் கோட்டுமாக, காலை வானத்துக்கு உதைத்து உதைத்துத் தெருவில் நடப்பார். கோணல் நடைகளுக்கென்றே ஓர் அமைச்சகம், அதன் அதிகாரி அவர். இதைப் பார்த்துவிட்டவருக்கு, பிறகு கிளீஸ் கிளிக் கடை வாசலில் சும்மா நின்றாலும் கண் அவர் முழங்காலுக்குத்தான் போகும். இன்னும் வாயே திறக்கவில்லை. ஆனாலும் சிரிப்பு வந்துவிடுகிறது. அந்தச் சிரிப்பு இந்தக் காட்சியில் அவர் சம்பாதித்ததா? போன பிறவிகளின் பாக்கி. முகத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

1969 அக்டோபர் 5-ல் தொடங்கி 1974 டிசம்பர் வரை பிபிசியில் பைத்தன் நிகழ்ச்சியின் 45 பாகங்கள் வந்தன. கடைசி ஆறில் கிளீஸ் இல்லை. அதற்குள் ஆறு முகங்களும் வினையால் கனத்துவிட்டன. இயேசு வேடத்துக்கு வேண்டியது நல்ல நடிப்பு மட்டுமில்லை, மூட்டை இல்லாத முகம். காலி தேர்ந்த நடிகர்தான். ஆனால் பைத்தன் ரசிகர்களிடம் அவருக்குச் சிரிப்புக் கணக்கு எதுவும் கிடையாது. பாவமற்றவராக ஒருவரைக் காட்ட, பழைய பாக்கி இல்லாத ஒருவரைத் தேடியிருக்கிறார்கள். அவர்கள் இப்படி யோசித்துச் செய்திருக்க மாட்டார்கள். நகைச்சுவைக்காரர்களின் உள்ளுணர்வு கணக்குப் பார்த்திருக்கும். (இதிலும் ஒரு விளையாட்டு உண்டு. அடுத்த வருடமே காலி ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் பேரரசின் அட்மிரல் பியெட்டாக வந்தார். இப்போது பார்க்கிற பிள்ளைகளுக்கு மலைப்பிரசங்கம் செய்கிறவர் டார்த் வேடரின் கீழ்ப் பணியாற்றும் அதிகாரி.)

தொலைக்காட்சிக் குறுநகைச்சுவையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒரே கூட்டம் வாராவாரம் வந்து வேறு வேறு ஆளாக நிற்பது ஒன்று; காட்சிக்கொரு தெரியாத முகத்தைக் கொண்டுவருவது மற்றொன்று. எது அதிகச் சிரிப்பு தரும் என்ற விவாதத்தில் எனக்கு அக்கறை இல்லை. இந்த இரண்டையும் பார்க்கிறபோது நமக்குள் ‘ஆள்’ என்ற எண்ணம் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் என் கேள்வி. வேஷத்துக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார் என்று யாருக்கு நாம் ஒப்புக்கொள்கிறோம், யாருக்கு ஒப்புக்கொள்வதில்லை?

காஷ்மீரத்தில் சுமார் ஒன்பதாம் நூற்றாண்டில் சங்குகர் என்று ஒருவர் நாட்டிய சாஸ்திரத்துக்கு உரை எழுதினார். உரை கிடைக்கவில்லை. அபிநவகுப்தர் அதை எடுத்துச் சொல்லி மறுத்திருப்பதால்தான் நமக்குத் தெரியும். தோற்றவர்களைத் தாங்கிப் பிடித்து வைத்திருக்கிற நல்ல வழக்கம் நம் உரைகாரர்களுக்கு உண்டு. மேடையில் ராமனாக ஒருவன் நிற்கும்போது பார்க்கிறவன் மனத்தில் என்ன நடக்கிறது என்பது சங்குகரின் கேள்வி. ‘இவனே ராமன்’ என்ற மெய்யறிவு இல்லை. ‘ராமன் என்று நினைத்து ஏமாந்தேன்’ என்ற பொய்யறிவும் இல்லை. ‘ராமனா, இல்லையா’ என்ற ஐயம் இல்லை. ‘ராமனைப் போல இருக்கிறான்’ என்ற ஒப்புமையும் இல்லை. சுவரில் தீட்டிய குதிரையைப் பார்த்துக் குழந்தை ‘குதிரை’ என்கிறதே, அந்த மாதிரி நான்கிலும் சேராத ஐந்தாவது அறிவு என்றார். அபிநவகுப்தரின் ஆசிரியர் பட்ட தௌதர் இதைப் பிய்த்தெறிந்துவிட்டார். அவர் வாதங்கள் பலமானவை. ஆனாலும் சிரிப்பு நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை எனக்குச் சங்குகர்தான் சரி என்று படுகிறது, அதுவும் தெரிந்த முகங்கள் விஷயத்தில். செத்த கிளியைக் கொண்டுவந்து கடைக்காரரிடம் சண்டை போடுகிறவர் கிளீஸா? ஆமாம். கிளீஸ் இல்லையா? ஆமாம், இல்லை. இரண்டும் ஒரே மூச்சில். இதில் நமக்கு எந்தச் சிரமமும் இல்லை.

அமெரிக்காவில் கேரல் பர்னெட் ஷோ என்று ஒன்று 1967 முதல் 1978 வரை சிபிஎஸ்ஸில் ஓடியது. அதில் ஒரு பல் மருத்துவர் காட்சி. டிம் கான்வே புதிதாகத் தொழிலுக்கு வந்த டாக்டர். நாற்காலியில் நோயாளியாக ஹார்வி கோர்மன். மரத்துப்போகிற ஊசியை டாக்டர் தவறுதலாகத் தன் கையிலேயே குத்திக்கொள்கிறார். கை தொங்குகிறது. பிறகு தொடையில். கால் போகிறது. செத்த கையை வீசிக்கொண்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டு, கடமை தவறாமல் பல் பிடுங்க வருகிறார். கோர்மனால் முடியவில்லை. கையால் வாயைப் பொத்துகிறார், முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், உடம்பு குலுங்குகிறது. பல்வலி நோயாளி எங்கோ போய்விட்டார். ஹார்வி கோர்மன் என்கிற மனிதர் வேஷத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். காட்சியின் உச்சமே அதுதான். கான்வேயின் கையைவிட கோர்மனின் தோளைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

கோர்மன் இடத்தில் அன்றைக்கு முதல் முறையாக வந்த யாரோ ஒருவர் உட்கார்ந்து இப்படிச் சிரித்திருந்தால்? ‘பாவம், புதுசு, சமாளிக்கத் தெரியவில்லை’ என்று வெட்டி எறிந்திருப்பார்கள். தப்பு அதே தப்பு. கோர்மன் செய்தபோது வேஷத்துக்குள்ளிருந்து ஒரு தெரிந்த ஆத்மா எட்டிப் பார்த்தது, நமக்குக் கொண்டாட்டம். புதியவர் செய்தால் எட்டிப் பார்க்க அங்கே யாரும் இருப்பதாகவே நமக்குத் தோன்றுவதில்லை.

நம் ஊரில் 2000-களில் விஜய் டிவியில் வந்த லொள்ளு சபாவைச் சொல்ல வேண்டும். ராம்பாலா இயக்கியது. வாரம் ஒரு படத்தைப் பிரித்து மேய்வார்கள். பாத்திரம் மாறும், விக் மாறும், ஆட்கள் அதே ஆட்கள். அந்தக் கும்பலில் பலருக்கு நிகழ்ச்சியின் பெயர் இனிஷியல் போல ஒட்டிக்கொண்டது. லொள்ளு சபா சுவாமிநாதன், லொள்ளு சபா மனோகர், லொள்ளு சபா ஜீவா, 2024-ல் காலமான லொள்ளு சபா சேஷு. அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அது நிற்கிறது. சந்தானம் மட்டும் சினிமாவில் பெரிதாக வளர்ந்து முன்னொட்டைக் கழற்றிவிட்டார். ஆயிரம் வேஷம் போட்டும் அந்த வேஷங்களில் ஒன்றுகூடப் பெயரோடு வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ரஜினி மாதிரி பண்ணிய ஜீவாவை யாரும் ரஜினி என்று கூப்பிடவில்லை. வேஷங்கள் உதிர்ந்துபோயின; கூட்டம் நின்றது.

இனி இரண்டாவது வழி. என் மருமகள்தான் இதில் எனக்கு வாத்தியார். ஒரு நாள் இரவு பாத்திரம் கழுவி முடித்துவிட்டு வந்து லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள்.

“அத்தை, இந்தத் தாத்தாவைப் பாருங்க.”

நெட்ஃப்ளிக்ஸில் 2019-ல் தொடங்கிய டிம் ராபின்சன் நிகழ்ச்சி, ‘ஐ திங்க் யூ ஷுட் லீவ்’. ஒரு கார் கம்பெனி, புதுக் காருக்கு யோசனை கேட்டுச் சிலரை மேசையைச் சுற்றி உட்கார வைத்திருக்கிறது. அவர்களில் எண்பதை ஒட்டிய ஒரு கிழவர், பெரிய கண்ணாடி, கனத்த ஸ்பானிய உச்சரிப்பு. எனக்கு வேண்டியது, ஓட்டும்போது கழன்று பறந்துபோகாத ஸ்டீயரிங் என்கிறார். மற்றவர்கள் விழிக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் எதிரே இருக்கும் சாதுவான ஒருவரைப் பிடித்துக்கொள்கிறார். உனக்கு நல்ல யோசனையே வராது, உனக்கு மாமியார் மேல் பிரியம், ஒப்புக்கொள், ஒப்புக்கொள் என்று உசுப்பேற்றி, மேசை முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். எனக்கு மூச்சு முட்டிவிட்டது.

“யாரும்மா இவர்?”

“தெரியாது அத்தை. தெரியாததுதான் காமெடியே.”

அவள் சொன்னதில் பாதி சரி. அவர் பெயர் ரூபன் ரபாசா. கியூபாவில் பிறந்தவர், அதற்கு முன்பே பல ஆண்டுகளாக நடித்துக்கொண்டிருந்தவர். நாங்கள் அறியாதவர் என்பதுதான் விஷயம். ஜான் கிளீஸோ வடிவேலுவோ அந்த நாற்காலியில் இருந்திருந்தால் ‘இதோ ஆரம்பிக்கப் போகிறார்’ என்று முதல் நொடியிலேயே தயாராகியிருப்போம். ரபாசா விஷயத்தில் நமக்கு அந்தத் தயார்நிலை இல்லை. ஒரு கூட்டத்தில் நிஜமாகவே மாட்டிக்கொண்ட நிஜமான கிழவர் என்ற நினைப்பு கடைசி வரை போகவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ராபின்சன் 2012-ல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நடிகர் குழுவில் சேர்ந்து, ஒரு வருடம் கழித்து எழுத்தாளர் பக்கம் நகர்த்தப்பட்டவர். நிரந்தரக் கூட்டத்தை வைத்தே 1975-லிருந்து பிழைத்துவருகிற நிகழ்ச்சி அது. அங்கே முகமாக நிலைக்காதவர், தெரியாத முகங்களைத் தேடிப்பிடிக்கிற நிகழ்ச்சியைச் செய்தார்.

அடல்ட் ஸ்விம் சேனலில் 2007 முதல் 2010 வரை வந்த டிம் அண்ட் எரிக் நிகழ்ச்சி இதே வழியில் இன்னும் தூரம் போனது. முதியவர்கள், தடுமாறுகிறவர்கள், கேமரா முன் வாக்கியத்தை முடிக்கத் தெரியாதவர்கள் என்று ஒரு வரிசை. நம்மைச் சிரிக்க வைக்க இவர்களைக் கூப்பிட்டார்களா, இவர்களைப் பார்த்து நாம் சிரிப்பதற்காகக் கூப்பிட்டார்களா என்று அப்போதே வாதம் நடந்தது. ரிச்சர்ட் டன் என்ற முதியவர் அதில் தொடர்ந்து வந்தார். தடுமாற்றம் அவர் நடித்ததா, அவருடையதேயா என்று பார்க்கிறவருக்குப் பிடிபடாது. சங்குகர் விலக்கிய அந்த ‘ஐயம்’ இங்கே முழுசாக உட்கார்ந்திருக்கிறது. தீட்டிய குதிரை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது அது மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது.

எங்கள் கல்லூரியில் ஆண்டுவிழாவுக்கு ஆசிரியர்கள் ஒரு கூத்தடிப்பது வழக்கம். இயற்பியல் பேராசிரியர் ஒருவர் வருடா வருடம் குடிகாரன் வேஷம் கட்டுவார். வேட்டியை அவிழ விட்டு, மின்கம்பத்தோடு பேசி, முதல்வரையே மேடையிலிருந்து வம்புக்கிழுப்பார். பையன்கள் விசிலடிப்பார்கள். மறுநாள் காலை அவர் வகுப்பில் ஈ ஆடாது. ஒரு வருடம் அவருக்குக் காய்ச்சல். கடைசி நேரத்தில் விடுதியின் இரவுக் காவலாளியை ஏற்றிவிட்டார்கள். பீடி வாசனைகூட ஆகாத மனிதர் அவர். அன்றைக்கு மேடையில் அவர் செய்ததைப் பேராசிரியர் ஜென்மத்துக்கும் செய்ததில்லை. விழப்போய் விழாமல், கற்பனைச் செருப்பைத் தேடிக் காலால் தரையைத் துழாவி, கிடைத்ததும் அதைக் கும்பிட்டு மாட்டிக்கொண்டார். மண்டபம் அதிர்ந்தது. அடுத்த நாளிலிருந்து விடுதிப் பையன்களுக்கு அவர் ‘குவாட்டர்’. கேட்டைத் திறக்கச் சொல்லும்போது ‘குவாட்டர் அண்ணே’. பெற்றோர் வந்திருக்கும்போதும் அதே. ஒரு தாயார் அலுவலகத்தில் போய், குடிக்கிற ஆளைப் போய் காவலுக்கு வைத்திருக்கிறீர்களே என்று புகார் கொடுத்துவிட்டார். காவலாளி என்னிடம் வந்து நின்றார்.

“நல்லாத்தானே மேடம் நடிச்சேன்?”

நல்லாத்தான் நடித்தார். பேராசிரியருக்கு வேஷத்தைக் கழற்றி மாட்ட ஓர் ஆணி இருந்தது: பெயர், பட்டம், வகுப்பு, திருநெல்வேலிக் குடும்பம், கறாரான மதிப்பெண். காவலாளியைப் பற்றிப் பையன்களுக்குத் தெரிந்தது எதுவுமே கிடையாது. அந்த வெற்றிடத்தில் வேஷம் போய் உட்கார்ந்துகொண்டது.

நான் சொல்ல வருவது இதைத்தான். தெரிந்தவர்கள் விஷயத்தில் நாம் எல்லோரும் ஆத்மவாதிகள். அவர் குடித்தாலும் கோபித்தாலும் உளறினாலும், அதெல்லாம் மேலே படிந்தது, உள்ளே இருக்கிறவர் வேறு என்று சொல்ல நமக்கு வேதாந்தம் படிக்க வேண்டியதில்லை. அறியாதவர் விஷயத்தில் சடாரென்று கட்சி மாறிவிடுகிறோம். பேருந்தில் கத்தியவர் கத்துகிறவர், அவ்வளவுதான். ஒரு செயலைப் பார்த்தோம். செயலுக்குப் பின்னால் செய்தவர் என்று தனியாக ஒருவரைத் தேடவில்லை. இதைப் பௌத்தம் என்று சொல்லலாமா என்றால், பௌத்தர்கள் என்னை விட மாட்டார்கள், அவர்கள் கோபம் நியாயமானது. மிலிந்த அரசனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் ரதத்தை அச்சு வேறு, சக்கரம் வேறு, நுகம் வேறு என்று பிரித்துக் காட்டி இதில் ரதம் எங்கே என்று கேட்டபோது, தன்னையும்தான் பிரித்தார். நாகசேனன் என்பதும் வழக்குக்காக வைத்த பெயர்தான் என்றார். அவர் அரசனுக்கு ஒரு நியாயம், காவலாளிக்கு ஒரு நியாயம் வைக்கவில்லை. உள்ளே ஆள் இல்லை என்றால் கிளீஸுக்கும் இல்லை. நாம் செய்வது அதைவிட மலிவான காரியம்: இல்லாமையை அந்நியர்களுக்கு மட்டும் பங்கு வைத்துக் கொடுக்கிறோம்.

மதுரைக்காரியாகையால் எனக்குத் திருவிளையாடல் பக்கம் போகாமல் இருக்க முடியவில்லை. பரஞ்சோதி முனிவர் பாடியது 64 படலங்கள். பைத்தனைவிட 19 அதிகம். எல்லாவற்றிலும் ஒரே தலைமை நடிகர். வளையல் விற்கிறார், விறகு சுமக்கிறார், குதிரை ஓட்டி வருகிறார், தாயிழந்த பன்றிக் குட்டிகளுக்குப் பாலும் கொடுக்கிறார். ஆவணி மூலத் திருவிழாவில் நாளுக்கொரு லீலை நடக்கும். அதே சுந்தரேசுவரர், அன்றன்றைய அலங்காரம். வளையல் விற்ற அன்று சுவாமி வளையலோடு வருவார். ஆவணி வெயிலில் வீதியில் நிற்கிற கூட்டத்துக்கு யார் வருகிறார் என்பதில் குழப்பமே கிடையாது. தெரிந்த முகம், புது வேஷம். பக்தியில் பாதி இந்தச் சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன்: எனக்குத் தெரியும், கதைக்குள் இருக்கிறவர்களுக்குத் தெரியாது.

ஆனால் கதைக்குள் அவர் எப்போதும் அறியாத ஆள். பிட்டுக்கு மண் சுமந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வைகையில் வெள்ளம், வீட்டுக்கொருவர் கரையடைக்க வேண்டும். ஆளில்லாத கிழவி வந்திக்கு, உதிர்ந்த பிட்டைக் கூலியாகத் தந்தால் போதும் என்று ஒரு கூலியாள் வந்து சேர்கிறான். வேலை செய்யவில்லை. பிட்டைத் தின்கிறான், ஆடுகிறான், படுத்துத் தூங்குகிறான். அந்தக் கரையில் ஒரு காமெடி நடந்துகொண்டிருக்கிறது. கண்காணிகளுக்கு அவன் வெறும் சோம்பேறி. பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி எல்லோர் முதுகிலும் விழுகிறது, அரசன் முதுகிலும். புட்டுத்தோப்பில் இன்றும் இது ஆண்டுதோறும் நடக்கிறது. திருப்பரங்குன்றத்து முருகனும் திருவாதவூர் மாணிக்கவாசகரும் புறப்பட்டு வந்து நிற்பார்கள். அங்கே அடி விழும் நேரத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. எங்களுக்கு அது எளிது. அடிபடுவது யார் என்று தெரிந்துகொண்டே போட்டுக்கொள்கிறோம். தெரியாதவன் மேல் விழுந்த அடிக்காக யாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டதாகப் புராணம் சொல்லவில்லை. முதுகில் உறைத்த பிறகுதான் யார் என்று கேட்டார்கள்.

தெரியாத முகத்தைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ‘லைஃப் ஆஃப் பிரையன்’ வெளியான ஆண்டே ஒரு சாட்சி உண்டு. படம் தயாராவதற்கு முன்பே தெய்வ நிந்தனை என்ற பயத்தில் இஎம்ஐ பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் வீட்டை அடமானம் வைத்துப் பணம் கொடுத்தார். கிருஷ்ண பக்தர் கிறிஸ்துவைக் காப்பாற்றினார் என்று அந்த ஆங்கிலத் துறை நண்பர் சொல்வார். படத்தில் ஒரு கூட்டத்தில் ஒரு கணம் ஹாரிசன் முகமும் வரும். 1979 நவம்பர் 9 அன்று பிபிசியில் ஒரு விவாதம் வைத்தார்கள். கிளீஸும் பேலினும் ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் சதர்க் பிஷப் மெர்வின் ஸ்டாக்வுட், பத்திரிகையாளர் மால்கம் மக்கரிட்ஜ். அன்னை தெரசாவைப் பிபிசி படம் எடுத்து மேற்கு உலகத்துக்குத் தெரியவைத்தவர் இந்த மக்கரிட்ஜ்தான். நடத்தியவர் டிம் ரைஸ், ‘ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ பாடல்களை எழுதியவர். பிரையன் இயேசு இல்லை, படத்தில் இயேசு தனியாக வருகிறார் என்று கிளீஸும் பேலினும் சொல்லச் சொல்ல, எதிர்ப்பக்கத்தார் காதில் ஏறவில்லை. கழுத்தில் பெரிய சிலுவையோடு உட்கார்ந்திருந்த பிஷப், முப்பது வெள்ளிக்காசு கிடைக்கும் என்று யூதாஸை நினைவுபடுத்தி முடித்தார். அவ்வளவு நேரமும் சாந்தமாக வாதாடிய பேலினுக்கே கோபம் வந்துவிட்டது.

பிஷப்புக்கும் மக்கரிட்ஜுக்கும் படத்தைத் திரையிட்டபோது இருவரும் தாமதமாக வந்து முதல் கால் மணி நேரத்தைத் தவறவிட்டார்கள் என்று பைத்தன் தரப்பு பிறகு அறிந்து சொன்னது. காலி வருவது அந்தக் கால் மணி நேரத்தில்தான். மூட்டையில்லாத முகத்தை அவர்கள் பார்க்கவே இல்லை. மிஞ்சியது சாப்மன். தொலைக்காட்சியில் கர்னலாக வந்து காட்சிகளை நிறுத்துகிற அதே சாப்மன், சிலுவையில். அவர்கள் கோபம் முழுவதும் பொய் என்று நான் சொல்லமாட்டேன். முழுப் படத்தைப் பார்த்தாலும் மக்கரிட்ஜ் கோபித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பிறகு கோபிப்பதற்கு அவர் வேறு காரணம் தேட வேண்டியிருந்திருக்கும்.

ராபின்சன் நிகழ்ச்சியில் 2021-ல் வந்த இன்னொரு காட்சி இந்த முழு வழக்கையும் கவிழ்த்துப் போடுகிறது. கிராஷ்மோர் என்ற துப்பறியும் அதிகாரியைப் பற்றிய அடிதடிப் படம் ஒன்றின் விளம்பரம். வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் துப்பாக்கியும் கெட்ட வார்த்தையுமாக ஊரை இரண்டாக்குகிறார். கதாநாயகனாக நடித்திருப்பவர் யார் என்று பார்த்தால், சாண்டா கிளாஸ். நிஜ சாண்டா கிளாஸ். அடுத்து அவர் பேட்டி. முகம் கடுகடுவென்று உட்கார்ந்து நடிப்புக் கலையைப் பற்றிப் பேச வருகிறார்; பேட்டி எடுப்பவருக்கோ பேச்சு சுற்றிச் சுற்றிப் பரிசிலும் பண்டிகையிலும் போய் நிற்கிறது. சாண்டாவுக்கு எரிச்சல் ஏறுகிறது. இன்று நான் நடிகன், படத்தைப் பற்றிக் கேள்.

அவராக வந்தவர் பிஃப் விஃப். எனக்கு அவரையும் தெரியாது. உலகத்திலேயே அதிகம் தெரிந்த தாடிக்குள் ஒரு தெரியாத நடிகரை உட்கார வைத்து, அந்தத் தாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார் என்று கேட்க வைத்திருக்கிறார்கள். மருமகள் இரண்டு முறை ஓட்டிக் காட்டினாள். பேட்டி எடுக்கிறவர் எவ்வளவு மட்டி என்று அவள் சிரித்தாள். எனக்கு அந்த ஆள் மேல் கோபம் வரவில்லை. எதிரே சாண்டா கிளாஸ் உட்கார்ந்திருந்தால் நானும் கிறிஸ்துமஸைப் பற்றித்தான் கேட்டிருப்பேன்.